கொழும்பிலேயே ஒரு கடற்கன்னி வால்: நிஜ மீன் வாலைப்போலத் தெரிய என்ன செய்யலாம்

கடற்கன்னி வால் செய்வது எப்படி என்று தேடினால் கிடைக்கிற குறிப்புகள் எல்லாம் அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பவர்களுக்காக எழுதியவை. அவர்கள் சொல்லும் கடை இங்கே இல்லை, அவர்கள் சொல்லும் பொருளைக் கேட்டால் புறக்கோட்டைக் கடைக்காரர் வேறு எதையோ எடுத்துத் தருவார், அவர்கள் கொடுக்கும் காய்கிற நேரம் நம்முடைய வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் ஒத்துவராது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக அலைந்து திரிந்துதான் நான் தெரிந்துகொண்டேன். இனிமேல் செய்யப்போகிறவர்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் செதிலில்தான் தொடங்குவார்கள். மினுமினுப்பு, சீக்குவின்ஸ், பளபளப்பு என்று காசு முழுக்க அங்கேயே போய்விடும். பார்க்கிறவர் கண் முதலில் பிடிப்பது உருவத்தை, அடுத்து அசைவை, அதற்குப் பிறகு நிறத்தை. செதில் கடைசி. முழங்கால் முட்டிக்கொண்டு தெரிகிற வாலுக்கு எவ்வளவு அழகான செதில் போட்டாலும் அது உடுப்புத்தான். காசையும் நேரத்தையும் இந்த வரிசையிலேயே செலவழியுங்கள்.

1. தண்ணீருக்கா, மேடைக்கா?

இதை முடிவெடுக்காமல் ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம். கலைவிழா மேடையிலோ கடற்கரைப் பாறையிலோ உட்கார்ந்து படம் எடுப்பதற்கு மட்டும் என்றால் உள்ளே நீச்சல் துடுப்பு தேவையில்லை, தடித்த ஃபோம் தகடே வால் இறகைத் தாங்கிக்கொள்ளும். நீந்துவதானால் உள்ளே இரண்டு காலும் ஒன்றாகப் போகிற ஒற்றைத் துடுப்பு, அதாவது மோனோஃபின், கட்டாயம் வேண்டும்.

வால்கள் மூன்று வகை. லைக்ரா துணியில் செதில் படம் அச்சடித்தது ஒன்று: மலிவு, துடுப்போடு சேர்த்தும் மூன்று கிலோ அளவில்தான் வரும், வெளிநாட்டுக் கடைகளில் துடுப்போடு 100 முதல் 200 டொலர். பத்தடி தூரத்துக்கு அழகு, கிட்டப் போனால் துணி என்று தெரிந்துவிடும். இரண்டாவது முழுச் சிலிக்கோன் வால்: தண்ணீருக்குள் அதன் அசைவுக்கு ஈடே இல்லை, ஆனால் 15 முதல் 25 கிலோ பாரம், செய்வித்து வாங்கினால் 1,500 டொலரில் தொடங்கி 5,000 வரைக்கும் அதற்கு மேலும் போகும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு அதைத் தடாகத்துக்கும் வீட்டுக்கும் தூக்கித் திரிவது ஒருவரால் ஆகாது.

மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்: நியோப்ரீன், அதாவது சுழியோடிகளின் உடுப்புக்குப் பாவிக்கிற ரப்பர்த் துணியில் உடலைத் தைத்து, அதன்மேல் சிலிக்கோனால் செதில் போடுவது. துடுப்போடு ஆறு, ஏழு கிலோவில் நிற்கும். பொருள் பெரும்பாலும் கொழும்பிலேயே கிடைக்கும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த வகைக்குத்தான்.

2. மீன் சந்தைக்குப் போய்வாருங்கள்

இணையத்தில் இருக்கும் கடற்கன்னிப் படங்களைப் பார்த்துச் செய்தால் இன்னொருவர் செய்த வாலின் நகல்தான் வரும். காலையில் சந்தைக்குப் போய் ஒரு கொடுவாவோ விளைமீனோ வாங்குங்கள், செதில் உரிக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாரை, சூரை, தோரா இதற்கு உதவாது, அவற்றின் செதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்து யன்னல் ஓரமாக வைத்துப் பாருங்கள். கொடுவாவின் ஒரு செதிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தால் அதில் பெரும்பங்கு கண்ணாடிபோல இருக்கும். அந்தப் பகுதி முன்னால் இருக்கிற செதிலுக்குக் கீழே மறைந்துகிடப்பது. வெளியே தெரிவது பின்பக்கத்துப் பிறைத்துண்டு மட்டும்தான், நிறமும் அங்கேதான். மீனை மெல்ல உருட்டினால் மின்னல் செதிலின் நடுவில் நிற்காமல் விளிம்புகளில் ஓடுவதைக் காண்பீர்கள். பக்கத்தின் நடுவில் செதில் பெரிது, வயிற்றுக்கு இறங்க இறங்கச் சிறிது, வாலடியில் இன்னும் சிறிது, கடைசியில் வால் இறகின் அடியில் பொடிப்பொடியாகி மறைந்துவிடும். எந்த இடத்திலும் கோடு போட்டதுபோல் முடிவதில்லை. முதுகு கருமை, வயிறு வெளுப்பு. செவுளிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு ஓடும். வால் இறகை விரித்துப் பிடித்தால், முள்முள்ளாக வருகிற கதிர்கள் ஓரத்துக்குப் போகப் போக இரண்டாகவும் நாலாகவும் பிரிவது தெரியும். இவ்வளவையும் கைபேசியில் கிட்டப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் இந்தப் படங்கள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மீனைப் பின்பற்ற முடியாது. மீன் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் ஆடும். மனித இடுப்பும் முழங்காலும் முன்பின்னாகத்தான் மடியும், அதனால் கடற்கன்னி வால் ஓங்கில் (டொல்பின்) போல, மன்னார்ப் பக்கத்துக் கடலில் இருக்கிற ஆவுளியா (கடற்பசு) போலக் கிடையாக விரிந்து மேலும் கீழும் அடிக்கவேண்டும். வால் இறகின் அமைப்பை இந்த இரண்டிலிருந்து எடுங்கள், செதிலையும் நிறத்தையும் மீனிலிருந்து எடுங்கள். அந்தப் பக்கக்கோடு உங்கள் தொடையின் வெளிப்பக்கமாக வரும்.

3. எதை எங்கே வாங்குவது, எந்த நாளில் போவது

துணிக்கு: இரண்டு பக்கமும் ஜெர்சி ஒட்டிய 2 மில்லிமீற்றர் நியோப்ரீன், இரண்டரை முதல் மூன்று மீற்றர். புறக்கோட்டை இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களிலும் கெய்சர் வீதியிலும் விசாரியுங்கள், ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சத் துணி வருகிற கடைகளில் நீச்சலுடைத் துணியோடு இதுவும் சில நேரம் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் மஹரகம பமுனுவப் பக்கம் போய்ப் பாருங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் நீள்வதை மட்டும் வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நீளும் துணியை "ஸ்ட்ரெச்" என்று சொல்லித்தான் விற்பார்கள். நியோப்ரீன் அகப்படாவிட்டால் தடித்த நீச்சலுடை லைக்ராவை இரட்டை மடிப்பாக எடுக்கலாம்.

சிலிக்கோனுக்கு: பழைய சோனகத் தெரு, குவாரி வீதி ஹார்ட்வெயார் கடைகள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது. "சிலிக்கன் ட்யூப்" என்று கேட்டால், பெயின்ட் பூசக்கூடிய அக்ரிலிக் பூச்சையும் அதே பெயரில் எடுத்துத் தருவார்கள். அது தண்ணீரில் உரிந்துவிடும். ட்யூபில் நூறு வீதம் சிலிக்கோன் என்று இருக்கவேண்டும், திறந்தால் வினாகிரி மணம் அடிக்கவேண்டும். குளியலறைக்கு என்று விற்பதையும் எடுக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கும், அது தோலுக்கு ஆகாது. மீன்தொட்டி ஒட்டுகிற நிறமற்ற சிலிக்கோன்தான் சரி.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் தடிப்புக்குப் பூசினால் ஒரு லீற்றர். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு வால் இறகின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரைச் சதுர மீற்றர் வரும், செதில் சராசரி இரண்டு மில்லிமீற்றர் என்றால் மூன்று லீற்றர். 280 மில்லிலீற்றர் ட்யூபில் பத்து, பதினொன்று. ஒரேயடியாக, ஒரே பிராண்டில் வாங்குங்கள், பாதி வேலையில் அந்தப் பிராண்ட் கடையில் முடிந்துபோனால் காய்ந்த பிறகு பளபளப்பு மாறித் தெரியும்.

மற்றவை சில்லறைச் சாமான்கள்: ஓவியர்கள் பாவிக்கிற எண்ணெய் வர்ண ட்யூப் ஆறேழு, முத்துப்பொடி (முத்துப்போல மினுங்குகிற பொடி), மினரல் டர்பன்டைன், யோகா பாய்போன்ற மூடிய துளை ஃபோம், பழைய எக்ஸ்ரே படம் இரண்டு மூன்று, பொலித்தீன் சுற்று, அகலமான டேப்.

போகிற நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஞாயிறும் போயா தினமும் புறக்கோட்டையில் பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம் பல கடைகள் இரண்டு மணிவரை திறக்காது. தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் துணிக்கடைக்காரருக்கு உங்களோடு நின்று கதைக்க நேரமே இருக்காது, தையற்காரரும் புது வேலை எடுக்கமாட்டார். சாதாரணக் கிழமைநாளில் காலை பத்து மணிக்குப் போனால் ஒரு துண்டு வெட்டித் தரச்சொல்லிக் கேட்கலாம், தருவார்கள். அதை வீட்டில் உப்புத் தண்ணீரிலும் குளோரின் தண்ணீரிலும் ஒரு இரவு ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு மொத்தத் துணியை வாங்குங்கள்.

செலவு: துடுப்பைச் சேர்க்காமல், தையற்கூலியோடு நாற்பது முதல் ஐம்பதாயிரம் ரூபா ஒதுக்கி வையுங்கள். காலம்: வேலைக்குப் போய்க்கொண்டு மாலையிலும் வார இறுதியிலும் செய்கிறவருக்கு இரண்டு மாதம். விழாத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது, சிலிக்கோன் உங்கள் அவசரத்துக்குக் காயாது.

4. துடுப்பு

அசைவு முழுக்க இதில்தான். இரண்டு வழி இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வாங்குவது ஒரு வழி. கனடாவிலோ லண்டனிலோ டுபாயிலோ இருந்து யாராவது சொந்தக்காரர் விடுமுறைக்கு வருகிறார் என்றால் அவர்மூலம் எடுப்பித்துக்கொள்வதுதான் லேசு. துடுப்பின் அகலத்தை முன்கூட்டியே கேட்டு அவருடைய பெட்டியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல துடுப்புகள் எழுபது சென்ரிமீற்றர்ப் பக்கம் வரும். கூரியரில் வருவதானால் தேசிய அடையாள அட்டைப் பிரதி, விற்றவரின் விலைச்சிட்டை, கார்டில் பணம் கட்டியதற்கான வங்கிக் குறிப்பு, பொருளின் இணையப் பக்க அச்சு இந்த நான்கையும் பொதி வருமுன்பே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விலைச்சிட்டையைக் கேட்டு கூரியர்க்காரர் மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் விற்றவரிடம் கேட்டு, அவர் மூன்று நாள் கழித்துப் பதில் போடுவதற்குள் களஞ்சியக் கட்டணம் ஏறத் தொடங்கிவிடும். "அன்பளிப்பு" என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொல்ல வேண்டாம், சந்தேகம் வந்தால் பொதி இன்னும் அதிக நாள் கிடக்கும். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம், அது பொருள் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு மேல். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் வேறு. பொருளின் விலையில் பாதியையாவது கையில் வைத்துக்கொண்டு ஓடர் கொடுங்கள்.

இன்னொரு வழி இங்கேயே செய்வது. பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் 3 மில்லிமீற்றர் பொலிகார்பனேட் தகடு வெட்டித் தருவார்கள். பேர்ஸ்பெக்ஸ் என்று அவர்கள் தருவது அக்ரிலிக், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வளைத்தால் கூர்த்துண்டுகளாக உடையும். தண்ணீருக்குள் அது காலைக் கிழித்துவிடும். ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி வளைத்துப் பாருங்கள், பொலிகார்பனேட் வளையும், உடையாது. தகட்டின்மேல் பழைய நீச்சல் துடுப்பு ஒரு சோடியின் பாதப்பகுதியைத் துருப்பிடிக்காத எஃகு ஆணி, நட்டு, அகலமான வாஷர் போட்டு இறுக்குங்கள். ஆணித்தலை பாதம் படுகிற பக்கத்தில் வரக்கூடாது. விளிம்பை எல்லாம் அரம் போட்டு உருட்டிவிடுங்கள். குதிக்காலுக்குப் பட்டி போடுவதானால் வெல்க்ரோ மட்டும், ஒரு இழுவையில் கழன்றுவிட வேண்டும்.

நிஜம்போலத் தெரிய இங்கே ஒரு நுட்பம்: தகடு வால் இறகின் முழு அளவுக்கும் போகக்கூடாது. தகடு முடிந்த இடத்திலிருந்து நியோப்ரீன் இன்னும் பத்து, பதினைந்து சென்ரிமீற்றர் வெறுமனே நீளவேண்டும். அடிக்கும்போது தகடு தள்ளும், அந்த மென்மையான ஓரம் ஒரு கணம் பிந்தி அலைந்து வரும். அந்தப் பிந்தலைத்தான் கண் உயிருள்ள வால் என்று எடுத்துக்கொள்கிறது.

5. உடல் அச்சும் முழங்காலும்

பழைய லெகின்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலை ஒட்டி நின்று, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பொலித்தீனால் சுற்றி, அதன்மேல் டேப்பை இறுக்கமாக ஒட்டுங்கள். தனியாகச் செய்ய முடியாது, அக்காவோ தோழியோ ஒருவர் பக்கத்தில் வேண்டும், மின்விசிறியும் வேண்டும்.

ஒட்டுமுன் செய்யவேண்டிய வேலைதான் இந்த முழுக் கட்டுரையிலும் முக்கியமானது. மனிதக் கால் தொடையில் பருத்து, முழங்காலில் ஒடுங்கி, கெண்டையில் திரும்பப் பருத்து, கணுக்காலில் ஒடுங்கும். மீனுக்கு அப்படி ஏற்ற இறக்கம் கிடையாது, இடுப்பிலிருந்து வாலடிவரை ஒரே சீராக ஒடுங்கிக்கொண்டே போகும். ஆகவே ஃபோமை வெட்டி முழங்கால்களுக்கு நடுவில், முழங்காலின் பின்குழியில், கெண்டைக்குக் கீழே கணுக்காலைச் சுற்றி என்று வைத்து, எட்டி நின்று பார்த்து, மேடுபள்ளம் மறையும்வரை திருத்துங்கள். பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சரி என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சாதாரண மெத்தை ஸ்பொஞ்ச் வேண்டாம், தண்ணீர் குடித்துப் பாரமாகிவிடும். இந்த ஃபோம் துண்டுகளைப் பிறகு வாலின் உட்பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

டேப் உறையைப் பின்பக்கமாக வெட்டிக் கழற்றி, பக்கவாட்டில் இரண்டாக்கி, தட்டையாக விரித்தால் அதுதான் உங்கள் வெட்டுப்படி. நியோப்ரீனுக்கு அகலத்தில் ஐந்து வீதம், லைக்ராவுக்குப் பத்து வீதம் குறையுங்கள். நீளத்தைக் குறைக்க வேண்டாம்.

6. தையல்

சேலை பிளவுஸ் தைக்கிற தையற்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் நேர்த்தையல் போட்டால் முதல்முறை இழுபடும்போதே நூல் அறுந்துவிடும். ஓவர்லொக் மெஷினோ ஸிக்ஸாக் தையலோ வேண்டும், ஊசி ஸ்ட்ரெச் துணிக்குரிய உருண்டை முனை ஊசியாக இருக்கவேண்டும். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு இப்போது வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நீச்சலுடைப் பிரிவில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கூலியை முதலிலேயே பேசி, வெட்டுப்படியையும் ஊசியையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மடிப்புத்தையல் இரண்டும் பக்கவாட்டில் வரவேண்டும், அந்தப் பக்கக்கோடு அதை மூடிவிடும். ஸிப் வைக்க வேண்டாம். எங்கே வைத்தாலும் தெரியும், அதோடு அவசரத்தில் மாட்டிக்கொள்ளும். இடுப்பு வழியாக ஏறி இறங்குவதுதான்.

7. செதில்

தைத்த வாலைத் தட்டையாகத் தரையில் விரித்துச் சிலிக்கோன் பூசக்கூடாது. போட்டுக்கொள்ளும்போது துணி நீளும், செதில் நீளாது, இடையிடையே வெடித்துத் துணி தெரியும். டேப் உறையைத் திரும்ப ஒட்டி, உள்ளே பழைய துணி அடைத்து, அந்தப் பொம்மைக்கு வாலை மாட்டி, கொடியில் தொங்கவிட்டு அல்லது மேசையில் கிடத்தி அதன்மேல் பூசுங்கள். துடுப்பும் உள்ளே இருக்கட்டும்.

முதலில் அடிப்பூச்சு. சிலிக்கோனைக் கொஞ்சம் டர்பன்டைன் விட்டு இளக்கி, பழைய வங்கி அட்டையால் துணியின் நெசவுக்குள் இறங்கும்படி அழுத்தி மெல்லிசாக வழித்துவிடுங்கள். இது சரியாகப் பிடிக்காவிட்டால் மேலே போடுகிற செதில் எல்லாம் தோல்போல உரியும். யன்னல் கதவு எல்லாம் திறந்திருக்கவேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது, சாமி விளக்கும் அன்றைக்கு அந்த அறையில் வேண்டாம்.

அச்சுத் தகட்டுக்கு எக்ஸ்ரே படம் அருமையான பொருள். நீங்கள் எடுத்த மீன் படத்தைப் பார்த்து மூன்று அளவில் பிறைகளை வெட்டுங்கள்: இடுப்புக்கும் தொடைக்கும் பெரிது, முழங்காலுக்குக் கீழே நடு, வாலடிக்கும் வயிற்றுப் பக்கத்துக்கும் சிறிது. மீன்வலையைச் சுற்றி அதன் துளைகளால் பெயின்ட் விசிறுகிற குறுக்குவழி ஒன்று எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அதில் எல்லாச் செதிலும் ஒரே அளவாக, ஒரே வைரவடிவாக வரும், எந்த மீனும் அப்படி இல்லை. மேடைக்கு, தூரத்துப் பார்வைக்கு மட்டும் பரவாயில்லை.

கூரைக்கு ஓடு வேய்கிறமாதிரி கீழிருந்துதான் மேலே வரவேண்டும். வால் இறகின் பக்கத்தில் தொடங்கி, ஒரு வரிசை போட்டு, அடுத்த வரிசையை அரைச்செதில் தள்ளி, முந்திய வரிசையின் தலையைக் கொஞ்சம் மூடிப் போடுங்கள். சிலிக்கோன் காற்றில் இருக்கிற ஈரத்தால் இறுகுவது, ஆகவே கொழும்புக் காற்றில் மேற்பரப்பு மிக விரைவாகத் தோல் கட்டும். மழைநாளில் இன்னும் விரைவு. சின்னக் கிண்ணத்தில் இரண்டு மூன்று வரிசைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். தகட்டைத் தூக்கியவுடன் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் செதிலின் மேல்பக்கத்தை மட்டும் அழுத்தித் தாழ்த்திவிட்டால், கீழ்விளிம்பு மேடாக நிற்கும். வெளிச்சம் அந்த விளிம்பில்தான் பிடிக்கவேண்டும்.

வால் இறகுக்குச் செதில் வேண்டாம். ட்யூப் முனையைச் சிறிதாக வெட்டி, கதிர்க்கோடுகளை நேரடியாக இழுத்துவிடுங்கள், ஓரத்துக்குப் போகும்போது இரண்டிரண்டாகப் பிரித்து மெலியவிடுங்கள். ஓரத்தைக் கத்தரியால் ஒரே சீராக வெட்டாமல் கதிர்களுக்கு இடையில் சிறு சிறு வளைவாக வெட்டுங்கள், ஒன்றிரண்டு இடத்தில் கிழிந்து ஆறியதுபோல ஒரு வெட்டு. கடலில் வாழ்கிற மீனின் வால் முழுசாக இருப்பது குறைவு.

தொட்டால் ஒட்டாத நிலை விரைவில் வந்துவிடும், ஆனால் உள்ளே இறுக ஒரு நாள் வேண்டும். வினாகிரி மணம் முற்றாகப் போகும்வரை, ஒரு வாரம் அளவில், நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே தோலில் படவேண்டும்.

முழுச் சிலிக்கோன் வாலுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு வரி. அதற்குப் பாவிப்பது டிராகன் ஸ்கின் போன்ற பிளாட்டினம் சிலிக்கோன், இரண்டு பகுதியைச் சம அளவில் கலப்பது. அதன் "மீடியம்" வகைக்குக் கலக்கி ஊற்ற 20 நிமிடம், இறுக 5 மணித்தியாலம் என்று போட்டிருப்பது 23 பாகை வெப்பநிலைக்கு. நம் வீட்டு 30 பாகையில் கையில் கிடைக்கும் நேரம் அதைவிடக் குறைவு, ஆகவே 45 நிமிடம் தருகிற "ஸ்லோ" வகையை எடுங்கள். லேட்டெக்ஸ் கையுறையும் கந்தகம் கலந்த களிமண்ணும் கிட்டவே வரக்கூடாது, அவை பட்ட இடம் கடைசிவரை இறுகாமல் பிசுபிசுக்கும்.

8. நிறம்

சிலிக்கோனில் சிலிக்கோன்தான் ஒட்டும். அக்ரிலிக், ஸ்பிரே பெயின்ட், நகப்பூச்சு எல்லாம் முதல் நீச்சலிலேயே தகடு தகடாக உரிந்து தடாகத்தில் மிதக்கும். ஆகவே நிறத்தை இளக்கிய சிலிக்கோனுக்குள்ளேயே கலந்து பூசவேண்டும்: எண்ணெய் வர்ணம் கொஞ்சமாக, கூடினால் சிலிக்கோன் இறுகாது.

முதுகுப் பக்கம் கருநீலமோ கரும்பச்சையோ, பக்கத்தில் நடு நிறம், முன்பக்கம் வெளுப்பு. எல்லைக் கோடு தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரையவேண்டும். முழுதும் காய்ந்த பிறகு மிக நீர்த்த கருமையைப் பூசி, துணியால் மேல்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள். செதில் இடுக்குகளில் கருமை தங்கும், அந்த நேரத்தில் வால் சட்டென்று உயிர்பெறும். முத்துப்பொடியைக் கடைசியாக, விளிம்புகளில் மட்டும், உலர்ந்த விரலால் தொட்டுத் தொட்டு வைத்து, அதன்மேல் நிறமற்ற சிலிக்கோனை மெல்லிசாகப் பூசி அடைத்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் சிவப்புத்தான் முதலில் மங்கும், சில மீற்றர் ஆழத்திலேயே அது பழுப்பாகிவிடும். ஆழத்தில் படம் எடுக்கிற எண்ணம் இருந்தால் நீலம், பச்சை, மஞ்சளை நம்புங்கள்.

9. இடுப்பு

இடுப்பில் பாவாடை நாடா கட்டியதுபோல நேர்க்கோடாக வால் முடிந்தால் அத்தனை உழைப்பும் வீண். முன்பக்கம் தொப்புளுக்குக் கீழே இறங்கி, பக்கத்தில் இடுப்பெலும்பின்மேல் ஏறி, பின்னால் திரும்ப இறங்குகிற வளைவாக வெட்டுங்கள். விளிம்பில் செதிலைப் பொடியாக்கி, இடைவெளி விட்டு விட்டு, தோல் நிறப் பவர்நெட் துணி (இழுபடுகிற மெல்லிய வலைத்துணி) ஒரு கைவிரல் அகலத்துக்குத் தைத்து அதிலும் சில செதில் தூவிவிடுங்கள். தோல் நிறம் என்று கடையில் தருவது பெரும்பாலும் வெள்ளைக்காரர் நிறம், நம் தோலுக்குப் பளிச்சென்று வேறாகத் தெரியும். வெள்ளைப் பவர்நெட் வாங்கித் தேயிலைச் சாயத்தில் உங்கள் நிறம் வரும்வரை முக்கி எடுப்பதே மேல். கடைசியில் வெயிலில் வைத்துக் கைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். குளோரினில் நாளடைவில் வெளிறும், அப்போது திரும்ப முக்கிக்கொள்ளலாம். இடுப்பின் இரு பக்கமும் சின்னச் சிறகு வைத்தால் துணி முடிகிற இடம் இன்னும் நன்றாக மறையும்.

10. தடாக அனுமதியும் பாதுகாப்பும்

வாலைத் தூக்கிக்கொண்டு தடாகத்துக்கு நேரே போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஹோட்டலோ கழகமோ, முகாமையாளருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், நேரம், எத்தனை பேர், உயிர்காப்பாளர் இருக்கிற நேரத்தில் மட்டும் நீந்துவோம் என்ற வரி, வாலிலிருந்து எதுவும் உதிராது என்ற உறுதி. அவர்களுடைய பெரிய பயம் மினுமினுப்பு வடிகட்டியை அடைத்துவிடும் என்பதுதான். மிச்சமான ஒரு செதில் துண்டை ஒரு போத்தல் தண்ணீரில் போட்டுக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு லேசாக முடியும். கமரா கொண்டுபோவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிழமைநாள் காலைதான் மலிவு, ஆள் நடமாட்டமும் குறைவு.

பாதுகாப்பில் ஒரு வரியையும் தாண்டிப் போகாதீர்கள். முதலில் துடுப்பை மட்டும் போட்டு நீந்திப் பழகி, தண்ணீருக்குள் அதைக் கழற்றுவதைக் கை தானாகச் செய்யும்வரை பயிற்சி எடுங்கள், பிறகு வாலோடு அதே பயிற்சி. சாதாரணமாக நீந்தத் தெரியாதவருக்கு இந்த வால் மேடைக்கு மட்டும்தான். தண்ணீருக்குள் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் இருக்கவேண்டும், படம் எடுப்பவர் அந்த ஆள் அல்ல. மூச்சை அடக்குவதற்காக வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவது ஆபத்து, மூச்சு முட்டுகிற எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வந்துவிடும். நியோப்ரீன் மிதக்கும், கால் மேலே தூக்கித் தலை கீழே போகப் பார்க்கும். கணுக்கால்ப் பக்கம் உட்பையில் எஃகு வாஷர்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உடல் கிடையாக நிற்கிற அளவோடு நிறுத்துங்கள். பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தால் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் கரையில் இருப்பவரின் கைபேசியில் இருக்கட்டும்.

கடலில் எடுப்பதானால் டிசம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், வாலோடு அலைக்குள் இறங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். அந்த மாதங்களில் செதில் வேலையைப் பாருங்கள். ட்ரோன் பறக்கவிட எண்ணம் இருந்தால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, வேண்டிய அனுமதியை முன்பே எடுத்துவிடுங்கள்.

11. கழுவுவதும் ஒட்டுப்போடுவதும்

தடாகமோ கடலோ, வெளியே வந்தவுடன் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். குளோரின் லைக்ராவின் இழுவையைத் தின்றுவிடும், உப்பு ஆணிகளை அரிக்கும். உட்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் முழுதாகக் காயவிடுங்கள், அரைகுறை ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் மணக்கும். மடிக்காமல் கிடத்தி வையுங்கள், மடித்த இடத்தில் செதில் வெடிக்கும். உரிந்த செதிலுக்கு அந்த இடத்தை டர்பன்டைனால் துடைத்து, காய்ந்ததும் அதே பிராண்ட் சிலிக்கோனால் புதிது போட்டுவிடலாம். அதற்காக ஒரு ட்யூபை முதலிலேயே எடுத்து வையுங்கள். நிறம் கலந்த அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு அந்த ட்யூபோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.